ஸ்பிளெண்டருக்கு வீட்டிலேயே எஞ்சின் வேலை: பிரிக்கும் முன் கேம் டைமிங்கை அளந்துகொள்ளுங்கள்

என் பழைய ஸ்பிளெண்டரை முதல்முறை நானே பிரித்து மாட்டியபோது புகை நின்றுவிட்டது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. கிக்கரை மிதித்தால் காலுக்கு நல்ல அழுத்தம் தெரிந்தது. ஆனால் ஐம்பதைத் தாண்டி வண்டி போகவே இல்லை. சைலன்சரில் இதுவரை கேட்காத ஒரு டப்டப் சத்தம் வேறு. புது ரிங் செட் ஆகட்டும் என்று 500 கிலோமீட்டர் காத்திருந்தேன். கார்ப்பரேட்டரை இரண்டு முறை கழுவினேன், பிளக் மாற்றினேன். தப்பு அங்கெல்லாம் இல்லை. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுதான் கேம். அதைக் கிராங்கோடு சேர்த்துச் சுற்ற வைக்கும் டைமிங் செயினை மாட்டும்போது, கிராங்கின் நுனியில் இருக்கும் மேக்னட்டில் பிஸ்டன் உச்சியைக் காட்டும் டி அடையாளத்துக்குப் பதிலாக, அதற்குச் சில பாகை முன்னால் வரும் ஸ்பார்க் அடிக்கும் இடத்துக்கான எஃப் அடையாளத்தைக் கிராங்க்கேஸ் கோட்டுக்கு நேராக வைத்திருக்கிறேன். அதனால் செயின் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது.

இந்த எஞ்சினில் ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பது கிராங்கில் இருக்கும் மேக்னட்டிலிருந்து வருகிறது. கேம் எங்கே நின்றாலும் ஸ்பார்க் சரியான நேரத்தில்தான் அடிக்கும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். என் கேம் முந்தியிருந்ததால் இன்டேக் வால்வு சீக்கிரமே மூடி, கிக் அடிக்கும்போது அழுத்தத்தைக் கூட்டிக் காட்டியது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். கடைசியில் ஒரு அட்டை, ஒரு டயல் கேஜ், வளைத்த ஸ்போக் கம்பி ஒன்று, இவற்றை வைத்து அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். பிரிக்கும் முன்பே ஒரு தடவை அளந்து எழுதி வைத்திருந்தால் அந்த 500 கிலோமீட்டர் மிச்சம். அதனால் இந்த வழிகாட்டியும் ஸ்பேனரில் தொடங்கவில்லை, அளவில் தொடங்குகிறது.

ஸ்பிளெண்டரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் கிடைக்காது. 1985இல் வந்த சிடி 100, 1994இல் வந்த ஸ்பிளெண்டர் இரண்டிலும் இருப்பது ஹோண்டா கப் வழியில் வந்த, படுத்த வாக்கில் இருக்கும் 97.2 சிசி எஞ்சின். போர் (பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 49.5 மி.மீ. ஒரே கேம், இரண்டே வால்வு, ஒரு செயின். ஹெட், பிளாக் வேலைக்கு எஞ்சினைச் சேஸிஸிலிருந்து இறக்கவே வேண்டாம். சென்னையில் ஜி.பி. ரோட்டில் கேட்டால் கேஸ்கெட் செட்டிலிருந்து பிஸ்டன் கிட் வரை ஒரே கடையில் வாங்கிவிடலாம். புதுப்பேட்டையில் பழைய ஹெட் ஒன்று வாங்கி, அதில் பழகிவிட்டும் வரலாம்.

வேண்டிய சாமான்கள்

வழக்கமான 8, 10, 12, 14 ஸ்பேனர்கள், டி ஸ்பேனர், ஃபில்லர் கேஜ், டிஜிட்டல் வெர்னியர், சின்ன டார்க் ரெஞ்ச். இவை போக, 0.01 மி.மீ. வரை காட்டும், 10 மி.மீ. ஓட்டம் உள்ள டயல் கேஜ். அதைப் பிடிக்கும் காந்த ஸ்டாண்டை நம்பி வாங்கிவிடாதீர்கள். எஞ்சின் முழுக்க அலுமினியம், காந்தம் எங்கும் ஒட்டாது. ஒரு இரும்புப் பட்டையை லெக் கார்டு போல்ட்டோடு சேர்த்து முறுக்கி, அதன்மேல் காந்தத்தை வைத்தால் நிற்கும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாகைமானிச் சக்கரம் கடையில் தேட வேண்டாம். 360 பாகை வட்டம் ஒன்றைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, கெட்டி அட்டையில் ஒட்டுங்கள். 18 செ.மீ. விட்டம் இருந்தால் ஒரு பாகைக்கு ஒன்றரை மி.மீ. கிடைக்கும், கண்ணுக்கு வசதி. நடுவில் மேக்னட் நட்டின் சாக்கெட் நுழையும் அளவுக்குத் துளை. முதலில் நான் ஒரு பழைய சிடி தட்டில் ஒட்டிப் பார்த்தேன். அதன் துளைக்குள் சாக்கெட் போகாது. சரி, டாப் கியரில் போட்டு பின்சக்கரத்தால் சுற்றலாம் என்றால், டயர் ஒரு விரற்கடை நகர்ந்தாலே எஞ்சின் முப்பது பாகை ஓடிவிடுகிறது. அட்டைதான் நல்லது.

இன்னொன்று, பிஸ்டன் ஸ்டாப். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் மரை போட்டு ஒரு போல்ட்டை ஏற்ற வேண்டும். போல்ட்டின் நுனியை உருட்டிவிடுங்கள், பிஸ்டன் தலையில் கோடு விழாது. லேத்காரரிடம் கொடுத்தால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துத் தருவார்.

உச்சியைக் கண்டுபிடிப்பது

பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பட்டறையில் டிடிசி என்பார்கள். மேக்னட்டில் டி அடையாளம் இருக்கும்போது இதை ஏன் தனியாகத் தேட வேண்டும் என்று கேட்கலாம். பழைய வண்டியில் அந்த மேக்னட் அதே எஞ்சினில் பிறந்ததுதானா என்று யாருக்கும் தெரியாது. தவிர, உச்சியருகே பிஸ்டன் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பத்துப் பாகை கிராங்க் சுற்றினாலும் அது அரை மில்லிமீட்டர்கூட நகராது. பிளக் துளையில் ஸ்ட்ராவை விட்டு உச்சியைப் பிடிக்கிறவர்கள் அங்கேதான் தவறுகிறார்கள்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். நடு ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, கியர் லீவரையும் இடது பக்க மூடியையும் கழற்றுங்கள். பிளக்கையும் கழற்றிவிடுங்கள். அட்டையை இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் மேக்னட்டின் முகத்தில், நட் நடுவில் வரும்படி ஒட்டுங்கள். ஒரு பழைய ஸ்போக்கை வளைத்து, கிராங்க்கேஸ் திருகு ஒன்றின் அடியில் செருகி முறுக்கினால் அதுதான் அம்பு. கண்மதிப்பில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அம்பு சைபரைக் காட்டும்படி வளையுங்கள்.

இப்போது பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைப் போடுங்கள். ஒரு பக்கமாக மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் ஸ்டாப்பில் மெத்தென்று முட்டி நிற்கும். அம்பு காட்டும் எண்ணை எழுதுங்கள். 38 என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கம் சுற்றினால் மறுபடி முட்டும். அங்கே 32. இரண்டையும் கூட்டினால் 70, பாதி 35. அதாவது அம்பு மூன்று பாகை தள்ளியிருக்கிறது. முட்டிய நிலையிலேயே அட்டையைத் தொடாமல் அம்பை மட்டும் 35க்கு வளையுங்கள். மறுபக்கமும் 35 வந்தால் சைபர்தான் உண்மையான உச்சி. வரும்வரை விடாதீர்கள். இதற்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு அளவும் இந்தச் சைபரை நம்பித்தான் நிற்கப்போகிறது.

முடிந்ததும் ஸ்டாப்பைக் கழற்றி மேசைமேல் கண்ணெதிரே வையுங்கள். அது உள்ளே இருக்கும்போது யாராவது கிக்கரை மிதித்தால் பிஸ்டன் தலையில் ஓட்டைதான்.

இப்போது டி அடையாளம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கிராங்க்கேஸ் கோட்டுக்கு நேராக இருந்தால் இனிமேல் அதை நம்பலாம்.

வால்வு எப்போது திறக்கிறது

ஹெட்டில் மேலே இன்டேக், கீழே எக்ஸாஸ்ட் டேப்பட் மூடிகள் இருக்கும். இரண்டையும் கழற்றுங்கள். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால் அது கம்ப்ரெஷன் உச்சி. ஒன்றாவது இறுகியிருந்தால் கிராங்கை இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் இரண்டு சுற்றுக்கு கேம் ஒரு சுற்று என்பதால் டி அடையாளம் இரண்டு முறை வரும், அதில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. அந்த இடத்தில் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் டேப்பட் இடைவெளியை (ராக்கரின் திருகுக்கும் வால்வு நுனிக்கும் நடுவே உள்ளது) ஃபில்லர் கேஜால் வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எடுக்கும் டைமிங் அளவுக்கு அர்த்தமில்லை.

டயல் கேஜின் ஊசியை இன்டேக் டேப்பட் திருகின் தலையில், வால்வு போகும் திசைக்கு நேராக வைத்து, கொஞ்சம் அழுத்தத்தோடு நிறுத்துங்கள். கேஜின் ஸ்பிரிங்கே ராக்கரை வால்வின்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதனால் டேப்பட் இடைவெளி அளவில் கலக்காது, வால்வு நகர்ந்தால் மட்டும் முள் நகரும். முகப்பைச் சைபருக்குத் திருப்புங்கள்.

இப்போது சுற்றலாம். இடது பக்கமிருந்து பார்த்தால் இந்த எஞ்சின் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடும். அந்தத் திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். மேக்னட் நட் தளரும் திசையும் அதுதான் என்பதால் உதறாமல் நிதானமாகச் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் லேசாகவே சுற்றும். டயல் 1.00 மி.மீ. காட்டும் இடத்தில் நிறுத்தி அட்டையைப் படியுங்கள். வால்வு முழுதாகத் திறந்து, மூடிக்கொண்டு வரும்போது மறுபடி 1.00 வரும். அங்கேயும் படியுங்கள். ஒரு பாகை தாண்டிவிட்டது என்று கொஞ்சம் பின்னால் திருப்பிப் படித்தால் அந்த அளவு பொய். பின்னால் திருப்பியதும் செயினின் தொங்கல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறிவிடும். முப்பது பாகையாவது பின்னால் போய், திரும்ப முன்னால் வாருங்கள்.

ஏன் 1 மி.மீ.? வால்வு சீட்டை விட்டுக் கிளம்பும் அந்தக் கணம் மிக மெல்லியது. கேம் அங்கே அவ்வளவு மெதுவாக ஏறும். அதைத் தேடினால் ஆளுக்கொரு எண் வரும். 1 மி.மீ. வந்தபின் கேம் வேகமாக ஏறுவதால் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே எண் கிடைக்கும். ஹோண்டா வழி மேனுவல்களில் வால்வு டைமிங் 1 மி.மீ. லிஃப்ட்டில் கொடுக்கப்பட்டிருப்பதும் இதற்காகத்தான்.

கணக்கு சின்னதுதான். உதாரணத்துக்கு, உச்சிக்கு 2 பாகை முன்பு 1 மி.மீ. திறக்கிறது, பிஸ்டன் அடிக்குப் போய்த் திரும்பி 25 பாகை ஏறியபின் 1 மி.மீ. ஆக மூடுகிறது என்று வைப்போம். 2 + 180 + 25 = 207 பாகை திறந்திருக்கிறது. பாதி 103.5. அதில் 2ஐக் கழித்தால் 101.5. அதாவது உச்சிக்கு 101.5 பாகை பின்னால் இன்டேக் கேமின் மூக்கு, வால்வு முழுதாகத் திறக்கும் இடம், நிற்கிறது. இந்த ஒரு எண்ணை மேனுவல் எண்களிலிருந்தும் கணக்கிட்டு, பக்கத்தில் எழுதுங்கள். எக்ஸாஸ்ட்டுக்கும் இதே வேலை, எண் உச்சிக்கு முன்னால் வரும்.

வித்தியாசம் சொல்லும் கதை

ஒன்றிரண்டு பாகை வித்தியாசம் என்றால் உங்கள் கை, அட்டை, அம்பு இவற்றின் பிழை. மறந்துவிடலாம்.

நான்கைந்து பாகை பிந்தியிருந்தால் செயின் நீண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இழுக்கும் பக்கம் நீளும்போது கேம் பின்தங்கும். ஹெட்டையோ பிளாக்கையோ லேத்தில் அதிகம் உரசியிருந்தாலும் இதே திசையில்தான் பிந்தும். பிந்திய கேம் இன்டேக்கைத் தாமதமாக மூடுவதால் கம்ப்ரெஷன் குறைந்து காட்டும். ரிங் போச்சு என்று சொல்லி பிளாக்கைக் குடைந்து பெரிதாக்க (போருக்கு) அனுப்புகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

இருபது பாகைக்கு மேல் என்றால் பல் தள்ளியிருக்கிறது, சந்தேகமே வேண்டாம். கேம் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை எண்ணி 720ஐ அதனால் வகுங்கள். 28 பல் என்றால் ஒரு பல்லுக்கு 25.7 பாகை, 30 பல் என்றால் 24. என் அளவு சரியாக ஒரு பல் முந்திக் காட்டியது. நல்லவேளை, வால்வும் பிஸ்டனும் மோதவில்லை.

திறந்திருக்கும் மொத்தப் பாகையே குறைந்திருந்தால் செயினைக் குறை சொல்லிப் பயனில்லை. கேம் லோப் தேய்ந்திருக்கும், அல்லது ராக்கரின் முகம் குழி விழுந்திருக்கும்.

பிரிப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், கழற்றுவது யாருக்கும் வரும். வண்டியை முதலில் நன்றாகக் கழுவுங்கள். ஆயிலை வடியுங்கள். சைலன்சர், கார்ப்பரேட்டர் கழற்றுங்கள். கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தி, ஹெட்டின் இடது பக்க வட்ட மூடியைத் திறந்தால் கேம் ஸ்ப்ராக்கெட் தெரியும். அதிலுள்ள வட்ட அடையாளம் (சில மாடலில் கோடு) ஹெட்டில் வெட்டியிருக்கும் காடிக்கு நேராக நிற்கிறதா என்று ஒரு போட்டோ எடுங்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றும் முன் செயினை ஒரு கம்பியால் கட்டிவிடுங்கள். உள்ளே விழுந்தால் எடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

ஹெட் நட் நான்கையும் குறுக்கு மறுக்காக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். அவற்றின் வாஷர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஆயில் ஏறும் ஸ்டட்டின் வாஷர் இடம் மாறினால் வேலை முடிந்தபின் ஆயில் கசியும். எது எங்கே இருந்தது என்று இதையும் போட்டோ எடுங்கள். பிளாக்கை உருவியதும் கிராங்க்கேஸ் வாயைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் பிஸ்டன் பின்னின் லாக்கைத் தொட வேண்டும். அந்த லாக் தெறித்தால் நேராகப் போகிற இடம் அந்த வாய்தான்.

அளந்து முடிவு செய்வது

பிளாக்கின் உள்ளே மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு திசையில் அளக்க வேண்டும். வெர்னியரை இதற்கு நம்பாதீர்கள். போர் கேஜ் வைத்திருக்கும் லேத் பட்டறையில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். தேய்மானம் 0.1 மி.மீ.யை நெருங்கினாலோ, நகத்தில் தட்டும் கோடு இருந்தாலோ அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிக் கையோடு கொடுங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் போடுவதுதான் முறை.

போர் நன்றாக இருந்தால் ரிங்கை மட்டும் பாருங்கள். ரிங்கைப் பிளாக்கில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து நேராக உள்ளே தள்ளி, வாயிடைவெளியில் ஃபில்லர் கேஜை விடுங்கள். மேல் ரிங்குகளுக்குப் புதிதில் 0.1 முதல் 0.25 மி.மீ. இருக்கும். அரை மில்லிமீட்டர் ஆகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

வால்வுக்கு நான் செய்யும் சோதனை மண்ணெண்ணெய். கரியைச் சுரண்டிவிட்டு, வால்வுகள் மாட்டியபடியே இன்டேக் வழியிலும் எக்ஸாஸ்ட் வழியிலும் ஊற்றி, ஐந்து நிமிடம் பாருங்கள். அறைப்பக்கம் ஈரம் கசிந்தால் லேப்பிங் தேவை. சீட்டில் கொஞ்சம் பேஸ்ட் தடவி, ரப்பர் கோலால் இங்கும் அங்கும் உருட்டி, அடிக்கடி தூக்கி வைத்துத் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழும். சுமார் 1 மி.மீ. அகலத்தில், எங்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். பேஸ்ட் ஒரு துளிகூட மிஞ்சாமல் கழுவுங்கள். மிஞ்சியது ஆயிலோடு போய் கேமையும் தின்னும், போரையும் தின்னும்.

மாட்டுவது

போரிலிருந்து வந்த பிளாக்கைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு வரக்கூடாது. பெட்ரோல் மட்டும் போட்டால் ஹோனிங் தூள் கோடுகளுக்குள் தங்கிவிடும். காய்ந்த உடனே ஆயில் தடவுங்கள், பத்து நிமிடம் விட்டாலே துருப் பிடிக்கும்.

ரிங்கில் எழுத்து உள்ள பக்கம் பிஸ்டன் தலையைப் பார்க்க வேண்டும். வாய்கள் 120 பாகைக்கு ஒன்றாக விலகி நிற்க வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள ‘ஐஎன்’ எழுத்து இன்டேக் பக்கம், அதாவது இந்த எஞ்சினில் மேல் பக்கம். பழைய லாக்கைத் திரும்பப் போடாதீர்கள். பிளாக்கை இடம் மாறாமல் நிறுத்தும் டவல் பின்களும் ஆயில் துளையின் ஓ ரிங்கும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு பிளாக்கை ஏற்றுங்கள். ஹெட் நட்டுகளை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு, இரண்டு மூன்று தவணையில், குறுக்கு மறுக்காக. பக்கத்துச் சின்ன போல்ட்டுகள் கடைசியில். மூடிகளில் வரும் 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். நீள ஸ்பேனரால் ஒரு அழுத்து அழுத்தினால் அலுமினிய மரை கையோடு வரும்.

அப்புறம் டைமிங். மேக்னட்டில் டி. எழுத்தை விரல் வைத்து, வாய்விட்டுப் படியுங்கள். நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். கேமின் மூக்குகள் ராக்கரைத் தொடாமல், ஸ்ப்ராக்கெட்டின் அடையாளம் காடிக்கு நேராக, இழுக்கும் பக்கச் செயினில் தொங்கல் இல்லாமல் மாட்டுங்கள். டென்ஷனரை விட்டபின் ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது கட்டியாக முட்டினால் பலம் கொடுக்காமல் நிறுத்தி, பிரித்துப் பாருங்கள். முட்டாமல் திரும்ப வந்து இரண்டு அடையாளமும் சேர்ந்தால் டேப்பட் இடைவெளியை வைத்து, அட்டையையும் டயலையும் மறுபடி மாட்டி, அதே நான்கு எண்களை எடுங்கள். ஹெட் கேஸ்கெட் மாறியிருக்கிறது, செயின் மாறியிருக்கலாம். முதலில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமல் முப்பது நாற்பது கிக். மேல் டேப்பட் மூடியைத் திறந்து பார்த்தால் ராக்கரில் புது ஆயில் ஈரம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆயில் வழியில் ஏதோ அடைத்திருக்கிறது, ஓ ரிங்கிலிருந்து தேடத் தொடங்குங்கள். தெரிந்தால் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, கசிவு பாருங்கள். மறுநாள் காலை, எஞ்சின் சில்லென்று இருக்கும்போது டேப்பட்டை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும், லேப் செய்த வால்வுகள் சீட்டில் படிந்ததில் அது கொஞ்சம் மாறியிருக்கலாம். முதல் 500 கிலோமீட்டருக்கு முறுக்காமல், ஒரே வேகத்திலும் ஓட்டாமல், அது முடிந்ததும் ஆயிலை மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் மெல்லிய வெள்ளித்தூள் மினுங்கும். புது ரிங்குக்கு அது சகஜம். கையில் தட்டுப்படும் துணுக்கு இருந்தால் மட்டும் மறுபடி ஸ்பேனரை எடுங்கள்.